வந்து போகும் கோளாறு

முழுவதுமாகச் செத்துப்போன செட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கடைவாசலில் வந்து நின்றால் எனக்கு மனத்துக்குள் ஒரு சந்தோஷம் உண்டாகும் என்று சொன்னால், நாற்பது வருஷமாகக் கார் ஸ்டீரியோ பிட்டிங் செய்து பிழைக்கிற ஒருவன் இப்படியும் பேசலாமா என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். செத்த செட்டிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும்; காலையில் சொன்னதை மாலையில் மாற்றிச் சொல்லாது. என் தூக்கத்தைக் கெடுத்தவை எல்லாம் வேறு வகையைச் சேர்ந்தவை. "நல்லாத்தான் பாடுதுண்ணே, திடீர்னு நின்னுடும், என்னான்னு பார்க்கறதுக்குள்ள திரும்பவும் பாட ஆரம்பிச்சுடும்" என்று ஒருவர் சொல்வார். "நேத்து பூரா ரிவர்ஸ் கேமரா தெரியல, உங்க கடைக்கு வந்தா மட்டும் தெரியுது" என்று இன்னொருவர், தாம் பொய் சொல்வதாக நான் நினைத்துவிடுவேனோ என்ற கூச்சத்துடன், ரிவர்ஸ் கியரைப் பத்துத் தடவை போட்டுப் போட்டுக் காண்பிப்பார். பத்துத் தடவையும் படம் பளிச்சென்று தெரியும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1984-ஆம் வருஷம், பதினாறாவது பிராயத்தில். சென்னை மவுண்ட் ரோடிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஒரு சிறிய கடை. முதலாளியை எல்லோரும் பெரிய பாய் என்றுதான் அழைப்பார்கள். மாருதி 800 அதற்கு முந்திய டிசம்பரில்தான் வெளிவந்திருந்தபடியால், எங்கள் கடைக்கு வந்தவை பெரும்பாலும் அம்பாஸடரும் பத்மினியுமே. வேலையும் பெரும்பாலும் ஒன்றேதான்: ரேடியோவில் இரைச்சல். மீடியம் வேவில் செய்தி வாசிக்கிற குரலுக்கு மேலே பட்டாசு வெடிப்பதுபோல் ஒரு சடசடப்பு கேட்கும். அது சில கார்களில் எப்போதும் இருக்கும், சில கார்களில் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகும். பெரிய பாய் ரேடியோவை நேராகப் பேட்டரியிலிருந்து ஓடவிட்டு, என்ஜினை நன்றாக முறுக்கிவிட்டுச் சாவியைச் சட்டென்று அணைப்பார். சாவியோடு கூடவே இரைச்சலும் நின்றுவிட்டால் குற்றவாளி காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் ஒயர் ஆகியவற்றில் ஒன்று; என்ஜின் சுழற்சி அடங்க அடங்க இரைச்சலும் முனகிக்கொண்டே அடங்கினால் குற்றவாளி டைனமோ. பிறகு அந்த இடத்தில் ஒரு கண்டென்சரைப் போட்டு எர்த் செய்துவிடுவார். மூடியைக்கூடத் திறக்காமல், ஒரு சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டே முடிவுக்கு வருகிற அந்த வித்தையை முதன்முதலாகப் பார்த்த நான், அவருக்கு ஏதோ மந்திர சித்தி இருப்பதாகவே சில மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒயர் ஜாயின்ட் போடும்போது, முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றியபின், டேப்பின் கடைசி முனையின்மேல் மெழுகு தடவிய நூலால் நாலு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார். சென்னையின் மே மாதத்து வெயிலில் பூட்டிக் கிடக்கிற காரின் டேஷ்போர்டுக்குள் டேப்பின் பசை இளகிக் கூழாகிவிடும் என்பதும், இளகிய டேப் தானே அவிழ்ந்துகொண்டு போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. ஒரு ஜாயின்டுக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும். பக்கத்துக் கடைப் பையன்கள், "பாய் பூ கட்டறாரு" என்று கேலி செய்வார்கள். நானும் அவர் இல்லாத சமயத்தில் நூல் கட்டாமல் விட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் சொந்தக் கடை வைத்தேன். காஸெட் போய் ஸி.டி. வந்தது, பெல்ட் தளர்ந்து குரல் இழுபடுகிற வியாதி போய், லென்ஸில் தூசி படிந்து பாட்டுத் தாண்டித் தாண்டி ஓடுகிற வியாதி வந்தது. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அவை பெட்டிக்குள் இருக்கிற கோளாறுகள், பெட்டியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிபவை. எனக்குப் பாடம் கற்பித்தவை பெட்டிக்கு வெளியே, ஒயருக்கும் ஒயருக்கும் நடுவில், ஒயருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தவையே.

அவற்றில் முதலாவது ஒரு டாக்டர் அம்மாளின் கார். மயிலாப்பூரில் வைத்தியம் பார்த்தவர். மிகுந்த நிதானம் உள்ளவர். நான் போட்டுக்கொடுத்த செட் ஒரு வருஷம் ஒழுங்காக இருந்துவிட்டு, அதன்பின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து மறுபடி உயிர்பெற ஆரம்பித்தது. மூன்று நாள் மத்தியானத்தில் காரை வரவழைத்துப் பின்னால் இருக்கிற கப்ளரை ஆட்டிப் பார்த்தேன், ஃபியூஸைக் கழற்றிப் போட்டேன், டேஷ்போர்டைக் கையால் குத்திப் பார்த்தேன். செட் ஒரு தரம்கூட அணையவில்லை. நாலாவது நாள் அந்த அம்மாள், மருந்துச் சீட்டுகளின் முதுகில் எழுதப்பட்ட ஒரு கட்டுக் குறிப்பை என் கையில் கொடுத்தார். பதினைந்து நாளில் செட் எப்போதெல்லாம் அணைந்ததோ அப்போதெல்லாம் தேதி, மணி, மழை உண்டா, ஏ.சி. ஓடியதா என்று வரிசையாக எழுதியிருந்தார். "நோயாளி என்னைக்கி ஜுரம்னு சொல்றதைவிட எத்தனை மணிக்கு ஜுரம்னு சொன்னாத்தான் எங்களுக்கு உபயோகம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு எழுதினேன்" என்றார். எல்லாக் குறிப்பும் மாலை ஆறரை மணிக்குப் பிந்தியவை.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குக் காரைப் பார்த்தபோது பத்து நிமிஷத்தில் விஷயம் வெளிப்பட்டது. செட்டின் கறுப்பு ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரை வைத்தால், பகலில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டாதது, ஹெட்லைட்டைப் போட்டு ஏ.சி. ஊதுவானையும் உச்சத்தில் வைத்தவுடன் இரண்டு வோல்ட்டைத் தாண்டியது. எர்த் என்பது பூஜ்யமாக இருக்கவேண்டிய இடம். அது இரண்டு வோல்ட் மேலேறினால், செட்டுக்குக் கிடைக்கிற பன்னிரண்டில் இரண்டு குறைந்துபோகிறது என்று அர்த்தம். டேஷ்போர்டு விளக்குகளும் ஊதுவானும் செட்டும் ஒரே தகரப் பட்டையின் வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பட்டையை உடம்போடு பிணைத்த ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் தலைக்குக் கீழே பெயிண்ட் அப்படியே, புதுக் காரில் இருப்பதுபோல், வழவழவென்று இருந்தது. மரையின் ஓரம் மட்டும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓரத்திலும் துருப் பிடித்துவிட்டது. தொழிற்சாலை போட்ட ஸ்குரூவை எடுத்துவிட்டு, செட்டின் பிராக்கெட்டுக்காக அதைவிடப் பெரியதை, பெயிண்டைச் சுரண்டாமல் முறுக்கியவன் நானேதான். பெயிண்டைச் சுரண்டி வெள்ளி மாதிரி ஆக்கி, செட்டின் கறுப்பு ஒயரைத் தனியாக வேறிடத்தில் எர்த் செய்து, கூலி வாங்காமல் காரை அனுப்பிவைத்தேன். காரணத்தை மட்டும் அந்த அம்மாளிடம் முழுவதும் சொல்லவில்லை. "எர்த் லூஸாக இருந்தது" என்றேன். அது பொய்யல்ல, ஆனால் முழு வாஸ்தவமும் அல்ல.

அதுமுதல் என் கடையில் ஒரு சிறிய நோட்டு உண்டு. வந்து போகும் கோளாறோடு வருகிறவரிடம் அதில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். பாதிப்பேர் இதை அவமானமாகக் கருதி வேறு கடைக்குப் போய்விடுவார்கள். எழுதிக்கொண்டு வருகிற மீதிப்பேரில் அநேகருடைய கோளாறு அந்தத் தாளிலேயே பாதி தீர்ந்துவிடும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், காலையில் முதல் தடவை காரை வெளியே எடுக்கும்போது மட்டும் ரிவர்ஸ் கேமரா தெரிவதில்லை, மற்ற நேரமெல்லாம் தெரிகிறது என்று எழுதிவந்தார். இந்தக் காலத்து ஆண்ட்ராய்டு செட் ஒரு செல்போனைப் போன்றது. முழுதும் அணைந்து கிடந்தால் விழித்தெழ அரை நிமிஷம் வேண்டும். அவரோ சாவியைத் திருப்பின கையோடு ரிவர்ஸ் போட்டு, அந்த அரை நிமிஷத்துக்குள் தெருவுக்கே வந்துவிடுகிற சுறுசுறுப்பான மனிதர். "கோளாறு ஒன்றும் இல்லை சார், கொஞ்சம் பொறுத்து எடுங்கள்" என்று நான் சொன்னதை அவர் கடைசிவரையில் ஒரு பரிகாசமாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிற பையன்கள் அதற்குக் கொடுக்கிற மரியாதை அளவுக்கு மிஞ்சியது. ஒரு காரில் செட்டுக்கு எப்போதும் மின்சாரம் தரவேண்டிய மஞ்சள் ஒயரில் மீட்டரை வைத்த எங்கள் பையன், "12.6 இருக்குதுண்ணே, சப்ளை கரெக்ட்டு" என்று சொல்லிவிட்டுச் செட்டைக் கழற்றப் போனான். நான் ஒரு இண்டிகேட்டர் பல்பை, 21 வாட் பல்பை, இரண்டு ஒயர் வைத்து ஈயம் பிடித்துச் செய்த டெஸ்ட் லேம்பை அதே ஒயரில் வைத்தேன். பல்பு வெள்ளையாக எரியாமல், மஞ்சளாக மங்கித் தெரிந்தது. அப்போது அதே மீட்டரை வைத்தால் பத்து வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. காரணம், வழியிலிருந்த ஃபியூஸ் ஹோல்டரின் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அந்தக் களிம்பின் தடை இரண்டு ஓம் இருக்கும். மீட்டர் மின்சாரத்தைக் குடிப்பதே இல்லை. ஆகையால் தடை இருப்பதே அதற்குத் தெரியாது. பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் குடிக்கும். ஆகையால் தடை முழுவதும் அதற்குத் தெரிந்துவிடும். சத்தத்தைக் குறைத்து வைத்தால் அந்தச் செட் நாள் முழுவதும் பாடும். சத்தத்தைக் கூட்டி, பாட்டில் மேளம் அதிரும்போது மட்டும் அணைந்துபோகும். கார்க்காரர் அதுவரையில் இரண்டு செட் மாற்றியிருந்தார்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜூலை முதல் தயாராகிற கார்களுக்குப் பின்பக்கச் சென்ஸார் கட்டாயம் என்று சட்டம் வந்தது. கேமரா கட்டாயம் இல்லை. ஆனால் பீப் பீப் என்கிற ஓசையைக் கேட்டுப் பழகின மனிதனுக்கு, ஓசை எழுப்புகிற பொருளைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை உண்டாவது சகஜம். கேமராவும் மலிவாகிவிட்டது. அதைப் போடுவது சுலபம், அது நிலைத்திருப்பதுதான் கஷ்டம். ஏனென்றால் காரிலேயே அதிகமாக மடங்கி நிமிர்கிற இடத்தின் வழியாக அதன் ஒயர் போகவேண்டியிருக்கிறது.

ஒரு சமையல் கான்ட்ராக்டரின் கார் வந்தது. பின்கதவு மேலே தூக்கித் திறக்கிற மாதிரி. கேமரா அந்தக் கதவில். கல்யாண வேலை உள்ள நாட்களில் மாத்திரம் திரை நீலமாகி 'நோ சிக்னல்' என்று எழுத்து வருகிறது, வேலை இல்லாத நாட்களில் நன்றாகத் தெரிகிறது என்றார். கல்யாண நாளில் அவர் என்ன செய்கிறார்? பாத்திரங்களை ஏற்றி இறக்க இருபது முப்பது தரம் அந்தக் கதவைத் திறந்து மூடுகிறார். கதவுக்கும் கூரைக்கும் நடுவே, விரல் பருமனில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஒயர்கள் எல்லாம் அதற்குள்தான் போகும். அதைக் கழற்றி உள்ளே இருந்த ஒயர்களை வெளியே உருவினேன். ஒன்றிலும் வெட்டு இல்லை, கீறல் இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஒவ்வொரு ஒயரையும் இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அங்குலம் அங்குலமாக மெல்ல இழுத்துக்கொண்டு வந்தேன். உள்ளே தாமிரம் முழுசாக இருக்கிற ஒயர் இழுத்தால் அசையாது. கேமராவுக்குப் போகிற சிவப்பு ஒயர் ஓரிடத்தில் ரப்பர் பாண்டைப்போல் நீண்டு கொடுத்தது, விட்டவுடன் சுருங்கிக்கொண்டது. மேல்தோல் மட்டும் இருக்கிறது, உள்ளே தாமிரம் அறுந்துவிட்டது. கதவு மூடினபின் இரண்டு முனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றால் படம் வரும். சற்று விலகி நின்றால் வராது. கார் ஒரு குழியில் இறங்கினால் மறுபடி முட்டிக்கொள்ளும்.

அந்த இடத்திலேயே வெட்டிச் சேர்த்து ஈயம் வைத்துவிடலாமே என்று தோன்றும். நானே அப்படிப் பல வருஷம் செய்திருக்கிறேன், அவை எல்லாம் ஆறு மாதத்தில் திரும்பி வந்திருக்கின்றன. ஈயம் ஒயருக்குள் ஊறிக் கெட்டியாகிவிடுகிறது. கெட்டியான பாகம் முடிந்து நெகிழ்ச்சியான பாகம் ஆரம்பிக்கிற அந்த ஓரத்தில், அடுத்த மடிப்பு அதை முறித்துவிடுகிறது. இப்போது நான் செய்வது, ரப்பர் குழாய்க்கு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் விட்டு, நடுவிலே சிலிகான் மேலுறை போட்ட மெல்லிழை ஒயரை முழுசாக ஓட்டிவிடுவது. மடங்குகிற இடத்தில் ஜாயின்ட்டே கூடாது. ஒன்றரை மணி நேர வேலை.

புதிய கார்களில் வேறொரு வேடிக்கை. ரிவர்ஸ் பல்பிலிருந்து கேமராவுக்கு மின்சாரம் எடுப்பது எங்கள் தொழிலின் ஆதிகாலத்து வழக்கம். ரிவர்ஸ் போட்டால் பல்பு எரியும், பல்பு எரிந்தால் கேமரா எரியும். ஆனால் சில கார்களில் கம்ப்யூட்டர் அந்தப் பல்புக்கு மின்சாரத்தைத் தொடர்ச்சியாக அனுப்பாமல், ஒரு வினாடிக்குள் எத்தனையோ தடவை விட்டு விட்டு அனுப்புகிறது. பல்பின் இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த துண்டு வந்துவிடுவதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மீட்டரும் சராசரியைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். கேமராவின் படம் மாத்திரம் நடுங்கும், கோடு விழும், சில சமயம் அணைந்தே போகும். இப்படி ஒரு கார் மூன்று கேமரா மாற்றப்பட்டபின் என்னிடம் வந்தது. ஒரு டயோடும் ஒரு கண்டென்சரும் போட்டு அந்தத் துண்டு மின்சாரத்தைச் சமமாக்கி, அதைக் கொண்டு ஒரு ரிலேயை மட்டும் இழுக்கச் செய்து, கேமராவுக்கு வேண்டிய மின்சாரத்தை ஃபியூஸ் வைத்துச் சாவி லைனிலிருந்து கொடுத்தேன். நடுக்கம் நின்றது. பெரிய பாய் டைனமோவுக்குப் போட்ட கண்டென்சரை நினைத்துக்கொண்டேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் எந்தச் சென்னைக் கார்த்தொழிலாளியும் தன் அனுபவத்தை எழுத முடியாது. முழுவதும் மூழ்கின கார்களை இன்ஷூரன்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். கால்மிதி வரையில் தண்ணீர் ஏறி வடிந்த கார்கள்தான் எங்களிடம் வந்தன. சீட்டையும் கார்ப்பெட்டையும் வெயிலில் காயவைத்துவிட்டு, "எல்லாம் காஞ்சுபோச்சு" என்று திருப்தியோடு ஓட்டிக்கொண்டு போனவர்கள், அடுத்த வருஷம் முதல் மழைக்குத் திரும்பி வந்தார்கள். கதவுப் படிக்கு அடியில் ஓடுகிற ஒயர்க்கட்டில், கப்ளரின் உள்ளே தங்கின சாக்கடைத் தண்ணீர் காயவே இல்லை. மெல்ல மெல்லக் களிம்பாக மாறிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் வறண்டு தூங்கும்; ஈரக்காற்று அடித்தால் எழுந்துகொள்ளும். இடதுபக்க ஸ்பீக்கர் மட்டும் நவம்பரில் ஊமையாகி பிப்ரவரியில் பேசுகிற ஒரு காரை மூன்று வருஷம் எனக்குத் தெரியும். அதன் சொந்தக்காரர் அதை வியாதியாகக்கூட நினைக்கவில்லை. பருவம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். 2020-இல் ஊரடங்கின்போது மாதக்கணக்கில் அசையாமல் நின்ற கார்களில் எலி குடும்பம் நடத்தின கதை தனி. ஆனால் எலி கடித்த ஒயர் கண்ணுக்குத் தெரியும், ஆகையால் எலியின்மேல் எனக்கு அதிகக் கோபம் இல்லை.

கோபம் இருந்தால் அது கூலியின்மேல்தான். ஒரு செட்டை மாற்றினால் செட்டுக்கு உண்டான விலையை மனிதர்கள் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள், இரண்டு மணி நேரம் தேடி, ஐந்து ரூபாய் பின்னைச் சுத்தம் செய்து கோளாறைத் தீர்த்தால், "இதுக்கா இவ்வளவு?" என்கிறார்கள். ஆகையால் தேடத் தெரிந்தவர்கள்கூடத் தேடாமல் மாற்றுகிறார்கள். புதுச் செட்டுக்கும் அதே வியாதி வரும். அப்போது கம்பெனி சரியில்லை என்று சொல்லிவிடலாம். இப்போது நான் தேடுவதற்கு மணிக்கு இவ்வளவு என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கை குறைந்தது வாஸ்தவம்தான்.

போன மாதம் ஒரு இளைஞர் தம் தாத்தாவின் பத்மினியைப் புதுப்பித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். பாட்டு ஒரு பக்கம் வருகிறது, ஒரு பக்கம் விட்டு விட்டு வருகிறது. டேஷ்போர்டைக் கழற்றிய எங்கள் பையன் உள்ளே கையைவிட்டு ஒரு பழைய ஜாயின்டை வெளியே இழுத்தான். டேப் கல்போல் இறுகியிருந்தது. அதன் முனையின்மேல் நாலு சுற்று நூல், அழுக்கேறிக் கறுத்து, முடிச்சு அவிழாமல் இருந்தது.

"முப்பது வருஷத்து ஜாயின்ட்டுண்ணே. வெட்டிட்டுப் புதுசா போட்டுடவா?" என்றான்.

டெஸ்ட் லேம்பை வைக்கச் சொன்னேன். பல்பு வெள்ளையாக எரிந்தது. கோளாறு கடைசியில் கதவுப் படிக்கு அடியில், தகரத்துக்கு நடுவே நசுங்கின ஸ்பீக்கர் ஒயரில் இருந்தது, அரைமணியில் தீர்ந்துபோயிற்று. டேஷ்போர்டை மூடுவதற்கு முன்னால் பையன் அந்த நூலை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இது யார் போட்டது என்று கேட்டான். சொன்னேன், சொல்லிவிட்டு, பக்கத்துப் பூக்கடையில் ஒரு நூற்கண்டும் மளிகைக்கடையில் ஒரு மெழுகுவத்தியும் வாங்கிவர அவனை அனுப்பினேன்.